ஓக் கொட்டை: தொட்டிக்கு முன் வயல்

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் வாங்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மருந்துகளில் அதற்கும் ஓர் இடம் உண்டு. அது எந்த மரத்தின் காய் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. உண்மையில் அது காயே அல்ல. துருக்கி, ஈரான் பக்கங்களில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் இளங்கொப்பில் சிறு குளவி ஒன்று முட்டையிடுகிறது. அந்த இடம் தடித்து உருண்டையாகிறது. அதுவே மாசிக்காய். மண்ணில் புதைத்தால் மக்கிப் போகும், முளைக்காது. ஓக் மரத்தின் விதை வேறு. அடியில் சிறு கிண்ணம் ஒன்று தாங்கிப் பிடிக்க, வழுவழுப்பாக நீண்டு நிற்கும் கொட்டை அது. மலைத் தோட்டங்களில் காப்பிக்கும் தேயிலைக்கும் நிழல் தரும் சில்வர் ஓக் மரமும் பெயரளவில்தான் ஓக். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். அதன் விதை மெல்லிய செதில் போன்றது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தட்டில் நிற்கும் ஒரு சாண் மரம் பெரும் விலைக்குப் போகிறது என்ற பேச்சு கிராமங்கள் வரை வந்துவிட்டது. கூடவே 'போன்சாய் விதை' என்று அச்சிட்ட பொட்டலங்களும் வருகின்றன. ஓக், மேப்பிள், பைன் என்று பெயர் மட்டும் மாறும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி, உபதொழிலாக இதைச் செய்து பார்க்கலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் போன்சாய் விதை என்று தனியாக ஒன்று கிடையாது. ஐ.ஆர்.8 நெல் குட்டையாக நிற்பது அதன் பிறவிக் குணம். போன்சாய் ஓக் குட்டையாக நிற்பது வளர்ப்பவர் கையிலுள்ள கத்தரியால். அதே கொட்டையை இங்கிலாந்தின் ஒரு மேய்ச்சல் வெளியில் ஊன்றினால் 80, 100 அடி உயர மரமாகிப் பல நூறு ஆண்டுகள் நிற்கும்.

மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குவதே போன்சாய் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அதனால் சிலர் இதைப் பாவம் என்றுகூடச் சொல்கிறார்கள். பட்டினி கிடந்த மரம் சாகுமே தவிர அழகாகாது. நல்ல போன்சாய் மரத்துக்குக் கிடைக்கும் தண்ணீரும் எருவும் கவனிப்பும் வயல் வரப்பில் நிற்கும் மரத்துக்குக் கிடைப்பதில்லை. வேரையும் துளிரையும் காலம் பார்த்துக் கவாத்துச் செய்வதால்தான் உருவம் சிறிதாகிறது.

போன்சாய் என்பது தட்டில் நட்டது என்று பொருள்படும் ஜப்பானியச் சொல். சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன கலை இது. சொல்லில் தட்டு இருப்பதால் எல்லாரும் தட்டையே முதலில் தேடுகிறார்கள். இங்கேதான் தவறு தொடங்குகிறது. ஜப்பானின் தகமட்சு நகரை ஒட்டிய கினாஷி என்ற ஊரில் சுமார் 200 ஆண்டுகளாகப் பைன் போன்சாய் வளர்க்கிறார்கள். அந்நாட்டுப் பைன் போன்சாய்களில் பெரும்பகுதி அந்த வட்டாரத்திலிருந்து போவதே. அங்கே போய்ப் பார்த்தால் அலங்காரத் தட்டுகள் முதலில் கண்ணில் படா. நெல்வயல்களுக்கு நடுவே வரிசை வரிசையாகப் பைன் கன்றுகள் நிலத்தில் நிற்கும். வளர்ப்பவர்கள் குடியானவர்கள். களை எடுக்கிறார்கள், எரு வைக்கிறார்கள், கன்றைத் தோண்டி வேர் வெட்டி மறுபடியும் நடுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்தே மரம் தட்டுக்குப் போகிறது. பைனுக்குப் பொருந்தும் இந்த முறை ஓக் மரத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஓக் போன்சாய் முதல் பத்து ஆண்டுகளுக்கு வயல் பயிர். அதன் பிறகே தொட்டிப் பயிர்.

விழுந்த நாளே சாகத் தொடங்கும் விதை

நெல் விதையை நூற்றுக்கு 13 பங்குக்கு மேல் ஈரமில்லாமல் காயவைத்துச் சேமிக்க வேண்டும் என்பது உழவர்களுக்குப் பழகிய பாடம். ஓக் கொட்டை இதற்கு நேர் எதிரானது. மரத்திலிருந்து விழும்போது அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைய நீர் இருக்கும். அது நான்கில் ஒரு பங்குக்கு இறங்கினால் உயிர் பெரும்பாலும் போய்விடும். பலா, மா, நாவல் கொட்டைகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. காயவைத்துக் காகிதப் பொட்டலத்தில் அடைத்து, கடையில் மாதக்கணக்கில் தொங்கிய ஓக் கொட்டை பார்வைக்குப் பளபளப்பாக இருக்கலாம். உள்ளே பருப்பு சுருங்கி ஆடிக்கொண்டிருக்கும். காதருகே வைத்துக் குலுக்கினாலே தெரிந்துவிடும். அதற்குக் காசு கொடுப்பது வீண்.

ஆகவே கொட்டையை மரத்தடியிலேயே பொறுக்க வேண்டும். ஐரோப்பாவில் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை கொட்டைகள் விழுகின்றன. எல்லா ஆண்டும் ஒரே மாதிரி காய்ப்பதில்லை. ஓர் ஆண்டு தரையே தெரியாமல் கொட்டும். அடுத்த ஓரிரு ஆண்டுகள் பெயருக்குக் காய்க்கும். முதலில் விழுபவற்றில் சொத்தை அதிகம். கூன்வண்டின் புழு உள்ளிருந்து பருப்பைத் தின்றுவிட்டு, ஓட்டில் குண்டூசித் தலை அளவு துளை போட்டு வெளியேறும். துளையுள்ளவற்றைக் கழித்துவிட்டு, மீதியைத் தண்ணீரில் போட்டு மிதப்பவற்றை நீக்க வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. லேசாகக் காய்ந்த நல்ல கொட்டையும் முதலில் மிதக்கும். இரவு முழுதும் ஊறவிட்டு மறுநாள் காலையில் பார்த்துக் கழிப்பதே சரி. அவசரப்பட்டுப் பாதியைக் கொட்டிவிடுபவர்கள் உண்டு.

உடனே ஊன்ற முடியாவிட்டால், ஈர மணலோடு அல்லது பிழிந்த தென்னை நார்க்கழிவோடு கலந்து, பாலிதீன் பையில் காற்றுப் போக இடம் விட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். உறையவிடக் கூடாது. இங்கிலாந்து ஓக் விழுந்த சில வாரங்களிலேயே வேர்விட்டு, குளிர்காலம் முழுதும் வேரோடு மட்டும் இருந்து, வசந்தத்தில் துளிர்விடும். அமெரிக்கச் சிவப்பு ஓக் அப்படியல்ல. சுமார் 3 மாதம் ஈரக் குளிர் பட்டால்தான் கண் திறக்கும். நம் இமயமலையின் உயரங்களில் வளரும் கர்சு ஓக் வேறொரு துருவம். அதன் கொட்டை பருவமழையோடு முதிர்ந்து விழுந்தவுடனே முளைக்கிறது. சில கொட்டைகள் மரத்தில் இருக்கும்போதே முளை காட்டிவிடும். அதைச் சேமிக்க நினைப்பதே தவறு. எந்த ஓக் என்று தெரியாமல் கொட்டை வாங்குவது, எந்த ரகம் என்று தெரியாமல் விதைநெல் வாங்குவதைப் போன்றதே.

ஆணிவேரில்தான் எல்லாம்

ஓக் முளைக்கும் விதத்தைப் பார்த்தால் அதன் குணம் புரியும். மேலே ஓர் அங்குலத் துளிர் தெரிவதற்குள் கீழே ஒரு சாண் ஆணிவேர் இறங்கியிருக்கும். பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கி, முதல் சில மாதங்களுக்குச் சோறு போடுகிறது. வறட்சியையும் ஆடுமாடு கடிப்பதையும் தாங்கிக் காட்டில் பிழைக்க இந்த ஏற்பாடு வேண்டும். போன்சாய் வளர்ப்பவருக்கோ இதே ஆணிவேர்தான் முதல் இடைஞ்சல். இரண்டு அங்குல ஆழத் தட்டில் முள்ளங்கி போன்ற வேரை எங்கே வைப்பது? இரண்டு, மூன்று ஆண்டு கழித்து அதை ஒட்ட வெட்டினால், பக்கவேர் இல்லாத கன்று பட்டுப்போகும்.

வேலை முதல் வாரங்களிலேயே தொடங்க வேண்டும். ஒரு பெட்டியில் ஈர மணலும் இலைமக்கும் கலந்து பரப்பி, கொட்டைகளைப் படுக்கை வசமாக வைத்து மெல்ல மூட வேண்டும். கொட்டையின் கூர்முனையிலிருந்தே வேர் வரும். ஆகவே செங்குத்தாகக் குத்தி வைக்கத் தேவையில்லை. படுக்க வைத்தால் அதுவே வளைந்து கீழே இறங்கும். வேர் 2 அங்குலம் நீண்டதும் எடுத்து, சுத்தமான பிளேடால் நுனியில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கிவிட வேண்டும். பார்ப்பவர் பதறுவார். பருப்பு கூடவே இருப்பதால் பயமில்லை. வெட்டிய இடத்தைச் சுற்றி நான்கைந்து வேர்கள் கிளைக்கும். போன்சாய் மரத்தின் அடியில் எல்லாப் பக்கமும் விரல் விரித்தாற்போல் தெரியும் வேர்களுக்கு இதுவே ஆரம்பம். இந்த ஒரு நறுக்கைத் தவறவிட்ட கன்றுக்குப் பின்னால் பத்து மடங்கு பாடுபட நேரும். துளிர் வந்த பிறகு, பருப்பு இனி எதற்கு என்று கொட்டையைப் பிய்த்து எறிவது மற்றொரு தவறு. அது தானே சுருங்கி உதிரட்டும்.

நறுக்கிய கொட்டைகளை 4 அங்குல ஆழமுள்ள மரப்பெட்டியில், ஓர் அங்குல மண் மூடும்படி, ஒரு கை இடைவெளி விட்டு ஊன்றலாம். பெருமணலும் செங்கல் பொடியும் இலைமக்கும் சேர்ந்த மண் போதும். தண்ணீர் தேங்கக் கூடாது. தாய் மரத்தடியிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து கலப்பது நல்லது. ஓக் வேரோடு கூடி வாழும் பூசணங்கள் அந்த மண்ணில் இருக்கும். அவை வேருக்குத் தண்ணீரும் சத்தும் தேடித் தரும். பெட்டியின் மேல் கம்பிவலை கட்டாயம் வேண்டும். எலிக்கும் அணிலுக்கும் ஓக் கொட்டையைப் போல் விருந்து வேறில்லை. ஐரோப்பாவில் ஜே என்னும் காக்கை இனப் பறவை கொட்டைகளைத் தூக்கிப்போய் மண்ணில் புதைத்து வைத்து மறந்துவிடுகிறது. காட்டில் புதிய ஓக் மரங்கள் எழுவதற்கு அதுவே பெரிய துணை. நாற்றங்கால்காரருக்கு அது துணையாகாது.

ஓக் கன்றைப் பதியன் போட்டோ குச்சி நட்டோ பெருக்குவது கடினம். குச்சி எளிதில் வேர்விடாது. எனவே கொட்டையே வழி. கொட்டையிலிருந்து வருபவை ஒன்றுபோல் ஒன்று இரா. ஒன்றின் இலை சிறிதாக இருக்கும். ஒன்றின் கணுவிடை நெருக்கமாக இருக்கும். ஒன்று வெறுமனே நெட்டையாக ஓடும். இந்த வேறுபாடு குறையல்ல, இருப்பு. நூறு கொட்டை ஊன்றி, சிறிய இலையும் நெருங்கிய கணுவும் உள்ள இருபது கன்றுகளை நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். நாற்றங்காலில் கலப்பு நாற்றைக் கழிக்கப் பழகிய கைக்கு இது புதிதல்ல. முளைத்ததெல்லாம் வேண்டும் என்று வைத்துக்கொள்பவர், எண்பது சுமாரான மரங்களுக்குப் பத்தாண்டு தண்ணீர் ஊற்றுகிறார்.

அடுத்த வசந்தத்தில் மொட்டுகள் பருக்கும் நேரம் பார்த்துக் கன்றைத் தூக்கி, கீழ்நோக்கிப் போகும் வேரைக் கழித்துவிட்டு, ஒரு தட்டோட்டின் மேல் உட்கார வைத்து, பக்கவேர்களை நாலாபுறமும் விரித்து நிலத்தில் நட வேண்டும். ஓடு தடுப்பதால் வேர் கீழே இறங்காமல் பக்கமாக ஓடும். வரிசைக்கு வரிசை 2 அடி விடலாம். அதன் பிறகு செய்ய வேண்டியது, பலருக்கும் செய்ய முடியாத காரியம்: கன்றை அதன் போக்கில் வளரவிடுவது. தண்டு பருப்பது தலையிலுள்ள இலையால். இலை எவ்வளவோ அவ்வளவு தண்டு. ஆசைப்பட்டு ஆண்டுதோறும் நுனி கிள்ளிக்கொண்டே இருந்தால் பென்சில் கனத்திலேயே நின்றுவிடும். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வசந்தத்தில் தோண்டி, கீழ்வேரை வெட்டி மறுபடியும் நட்டால் போதும். தண்டில் வளைவு வேண்டுமானால் விரல் கனத்துக்குள் இருக்கும்போதே கம்பி சுற்ற வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது ஓக் மரத்தில் சொல்லுக்குச் சொல் உண்மை. முற்றிய ஓக் ஒடியும், வளையாது. வளரும் பருவத்தில் கம்பி பட்டையில் பதிந்துவிடும் என்பதால் சில வாரங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

தண்டு இரண்டு அங்குலம் பருக்க எட்டு, பத்து ஆண்டு ஆகலாம். அப்போது தாழ்வான ஒரு பக்கக் கிளைக்கு மேலே தண்டையே வெட்டி எறிய வேண்டும். ஓக் இதைத் தாங்கும். ஜப்பானில் குனுகி, கொனாரா என்ற இரண்டு ஓக் வகைகளைக் கரிக்காகவும், ஷிடாகே காளான் வளர்க்கும் கட்டைகளுக்காகவும் அடியோடு வெட்டுவார்கள். அடிக்கட்டை மறுபடியும் தழைக்கும். சில ஆண்டுகளில் மறுபடியும் வெட்டுவார்கள். விறகுக்காரன் கண்ட இந்தக் குணத்தையே போன்சாய்காரனும் பயன்படுத்துகிறான். வெட்டிய பிறகு பக்கக் கிளை தலைவனாகும். தண்டு அடியில் பருத்தும் மேலே மெலிந்தும் பழைய மரத்தின் சாயலைப் பெறும். காயம் மூடப் பல ஆண்டு பிடிக்கும். அதையும் கணக்கில் சேர்த்தால் தட்டுக்குப் போகப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு. கண் நிறைந்த மரமாக இன்னும் அவ்வளவு காலம்.

ஓக் மரத்துக்கு ஒரு குறை உண்டு. இங்கிலாந்து ஓக்கின் இலை நான்கு அங்குலம் வரை நீளும். நுனியை இரண்டிலைக்குக் கிள்ளிப் பழக்கினால் ஓரளவு சிறுக்கும். மேப்பிள், எல்ம் மரங்களைப் போலச் சிறுக்காது. ஒரு சாண் ஓக் போன்சாய் என்று காட்டப்படுவதில் பெரும்பாலும் பத்து இலைதான் இருக்கும். அதைக் கன்று என்று சொல்லலாம். மரம் என்று சொல்ல ஒன்றரை, இரண்டு அடி உயரமாவது வேண்டும். நோய்களில் சாம்பல் நோய்தான் தொல்லை. முதல் துளிரை விட்டுவிட்டு, கோடை நடுவில் வரும் இரண்டாம் துளிரின் மேல் வெள்ளைப் பொடி படரும். தழைச்சத்தை அளவோடு கொடுத்து, காற்றோட்டம் விட்டால் பாதி குறையும். தேவைப்பட்டால் நனையும் கந்தகத் தூளைக் குளிர்ந்த வேளையில் தெளிக்கலாம்.

யார் செய்யலாம், யாருக்கு வேண்டாம்

இனி கேள்விக்கு வருவோம். தென்னிந்தியக் காடுகளில் ஓக் இயற்கையாக வளர்வதில்லை. குளிர்காலத்தில் உறங்கி எழும் மரத்துக்குச் சமவெளியின் ஆண்டு முழுதும் நீளும் சூடு ஒத்துவராது. தஞ்சையிலும் மதுரையிலும் முளைவிட்ட கொட்டை ஓரிரு ஆண்டு இலை காட்டலாம். பதினைந்து ஆண்டு முதலீட்டை அதன்மேல் வைக்கக் கூடாது. சமவெளி விவசாயிக்கு ஓக் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுவதே நல்லது.

ஆனால் குமாவுன், கடுவால் மலைகளில் உள்ள சிறு விவசாயிக்கு இது வேறு கதை. அங்கே 4,000 அடிக்கு மேல் பாஞ்ஜ் ஓக் வீட்டுக் கொல்லைக்குப் பின்னாலேயே நிற்கிறது. மாட்டுக்குத் தழை, தொழுவத்தில் விரிக்கச் சருகு, பிறகு அதுவே வயலுக்கு எரு என்று அந்த மலைக் குடும்பம் பாஞ்ஜ் மரத்தை நம்பியே வாழ்ந்திருக்கிறது. தழை சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பல சரிவுகளில் ஓக் குறைந்து சீர் பைன் பரவியதால் அவர்களின் நடை நீண்டது. இந்த மலைகளில் ஓக் கொட்டையை முளைக்க வைக்கத் தெரிந்த கைக்கு இரட்டைப் பயன் உண்டு. நூறு கொட்டையில் இருபது போன்சாய்க்கு. கழித்த எண்பதில் வேர் நறுக்காதவற்றைத் தனியே நீளப் பைகளில் வளர்த்தால், ஊர்க் காட்டில் நட ஆணிவேருள்ள கன்று கிடைக்கும். நறுக்கியதும் நறுக்காததும் கலந்துவிடக் கூடாது. மலைச் சரிவில் பிழைக்க வேண்டிய மரத்துக்கு அந்த நீண்ட வேர் வேண்டும்.

அங்கே ஒரு தீய பழக்கமும் எளிதில் வரக்கூடும். பத்தாண்டு காத்திருக்க மனமில்லாதவர், ஆடு கடித்துக் குறுகிப்போன பழைய ஓக் கட்டைகளைக் காட்டிலிருந்து தோண்டி விற்க ஆசைப்படுவார். ஜப்பானிலும் மலையில் தோண்டிய மரங்களுக்கு ஒரு காலத்தில் பெருமதிப்பு இருந்தது. தோண்டியதில் பாதி சாகும், சரிவில் குழி நிற்கும், மண் அரிக்கும். கொட்டை பொறுக்குவதில் அந்தக் கெடுதி இல்லை. கரடிக்கும் முசுவுக்கும் பறவைக்கும் பங்கு விட்டு, பல மரங்களின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் காட்டுக்குத் தெரியவே தெரியாது.

சமவெளி விவசாயி இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அது போன்சாய் சம்பந்தப்பட்டதல்ல. பாலிதீன் பையில் மா, பலா, புளியங்கன்று வளர்ப்பவர்கள் பையின் அடியில் ஆணிவேர் சுருண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. அப்படியே நட்ட மரம் சில ஆண்டு நன்றாக வளர்ந்து, பிறகு ஒரு காற்றில் சாய்கிறது. நடும்போது சுருண்ட நுனியை நறுக்கிவிட்டு நட ஒரு நிமிடம் போதும்.

வருமானத்தைப் பற்றி ஏமாற்றுப் பேச்சு கூடாது. ஓக் போன்சாயை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. வரப்போரத்தில், கிணற்றடியில், வேறு பயிர் போகாத ஒரு துண்டு நிலத்தில் ஆண்டுக்கு நூறு கொட்டை என்று தொடர்ந்து ஊன்றி வருபவருக்கு, பத்தாவது ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் ஒரு வரிசை எடுக்கத் தயாராக இருக்கும். இடையில் மூன்று, நான்கு வயதுக் கன்றுகளை, வேர் பரவிய பயிற்சிக் கன்று என்ற பெயரில் விற்கலாம். சொந்தமாகப் பழக்க விரும்புபவர்கள் அதையே தேடுகிறார்கள். ஒரு வயதுக் கன்றைப் பீங்கான் தட்டில் வைத்து, பாசி ஒட்டி, போன்சாய் என்று விற்பவரிடம் யாரும் இரண்டாம் முறை வாங்குவதில்லை. ஒவ்வொரு கன்றிலும் தகட்டுத் துண்டு ஒன்றைக் கட்டி, தாய் மரம் நின்ற இடத்தையும், கொட்டை ஊன்றிய ஆண்டையும், வேர் வெட்டிய ஆண்டுகளையும் ஆணியால் கீறி வைக்க வேண்டும். பேனா மை இரண்டு மழைக்குத் தாங்காது.